அடுப்பில் பால்

பிப்ரவரி 9

அன்புள்ள குருவி,

இந்தக் கடிதத்தில் வருபவை:

1. உன் கடைக்கு இன்னொரு வழி
2. சத்தம் கேட்டால்
3. எதை எடுத்துக்கொண்டு ஓடுவது
4. ஓட முடியாவிட்டால்
5. நம் வீட்டுச் சொல்
6. கைகள்
7. மன்னிப்பு

இந்த வரிசை சரிதானா என்று எனக்கே சந்தேகம். ஏழாவதை முதலில் வைக்கலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். ஆனால் அதை முதலில் படித்தால் உனக்குக் கோபம் திரும்பி வந்து, மீதியைப் படிக்காமலே கிழித்துப் போடுவாய். மீதியைப் படித்துவிட்டுக் கிழிப்பது மேல்.

என் எண்ணை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய் என்று மாப்பிள்ளை, உன் வீட்டுக்காரர்தான், செய்தி அனுப்பினார். அதனால்தான் தபால். உன் பெண்ணின் கல்யாண வரவேற்புக்குப் பிறகு நாம் பேசிக்கொள்ளவில்லை. நீ பேசச் சொல்லும்வரை பேசாமல் இருப்பதுதான் மரியாதை என்று இருந்தேன். போன வாரம் தொலைக்காட்சியில், எங்கோ தொலைதூர ஊரில் ஒருவன் துப்பாக்கியோடு கடைத்தொகுதிக்குள் நுழைந்ததைக் காட்டினார்கள். எல்லாம் முடிந்த பிறகு எடுத்த படம். தரையில் ஒரு தையல்காரரின் அளவு நாடா அவிழ்ந்து கிடந்தது. அதன்பின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

1. நீயும் மாப்பிள்ளையும் நாள் முழுக்க இருப்பது அந்தப் பெரிய கட்டடத்தின் இரண்டாம் தளத்தில். நீ துணிகளை அளவு மாற்றித் தைக்கிறாய், அவர் இஸ்திரி போடுகிறார். வாடிக்கையாளர் வரும் நகரும் படிக்கட்டு உனக்குத் தெரியும். சரக்கு ஏற்றும் பின்படிக்கட்டு ஒன்று எங்காவது இருக்கும். அதை ஒருமுறை நடந்து பார். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பார்.

2. முதல் சத்தத்துக்கு மனசு ஒரு நல்ல காரணம் கண்டுபிடிக்கும். பலகை விழுந்தது, ஷட்டரை இழுத்தார்கள் என்று. இரண்டாவது சத்தத்துக்குக் காரணம் தேடாதே. கிளம்பு. யாராவது வர மறுத்தால் ஒருமுறை சொல்லிவிட்டு நீ போ.

3. எதையும் எடுக்காதே. கைப்பை, கல்லாப்பெட்டி, வாடிக்கையாளரின் பட்டுத்துணி, எதையும். எடுக்கத் திரும்பவும் போகாதே.

4. வழி அடைபட்டால் உள்ளே போய்க் கதவைச் சாத்தி, கனமான எதையாவது முட்டுக்கொடு. விளக்கை அணை. போனின் சத்தத்தை மட்டுமல்ல, அதிர்வையும் அணை. மேஜைமேல் அதிரும் போன் ஊருக்கே கேட்கும். பத்திரமான இடத்துக்கு வந்த பிறகுதான் போலீசுக்குப் பேசுவது.

5. அப்பா எந்த வீட்டுக்குப் போனாலும், பேச்சு நீண்டு அவருக்குச் சலித்துவிட்டால், "அடடா, அடுப்பில பால் வெச்சுட்டு வந்துட்டோம்" என்பார். மறு நிமிஷம் நீயும் நானும் செருப்பை மாட்டியிருப்போம். என்ன பால், எந்த அடுப்பு என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆபத்தில் ஆட்கள் நேரத்தைத் தொலைப்பது "ஏன்" என்று கேட்பதில்தான். ஆகவே ஏன் என்று கேட்காமல் எழவைக்கும் சொல் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேண்டும். நமக்கு அது இருக்கிறது. ஆனால் அது வீட்டோடு இருக்கட்டும். வெளியார் யாரிடமும் சொல்லாதே. எல்லோருக்கும் தெரிந்த சொல் யாரையும் எழுப்பாது. எல்லோரும் எழுந்தாலும் கஷ்டம்தான். ஒரே கதவுக்கு ஓடும் கூட்டம் யாரையும் பார்க்காது, மிதித்துக்கொண்டு போகும்.

6. போலீஸ் வரும்போது கைகள் வெறுமையாக, விரித்து, தெரியும்படி இருக்க வேண்டும். யார் யாரென்று அவர்களுக்குத் தெரியாது.

7. மன்னிப்பு. வரவேற்பில் வெடித்தவை பலூன்கள் என்று எனக்குத் தெரியாது. சம்பந்தியைக் கீழே தள்ளியது அவரைக் காப்பாற்றத்தான். மேஜைக்கு அடியில் இன்னும் ஒருவருக்கு இடம் இருந்தது.

உன் அண்ணன்


பிப்ரவரி 16

பூட்டண்ணா,

உன்னை மாதிரி எனக்கு எழுத வராது. பேசுற மாதிரிதான் எழுதுவேன். அளவு குறிக்கிற தாள்லதான் எழுதறேன், பின்பக்கம் யாரோ ஒரு அம்மாவோட இடுப்பளவு இருக்கும், கண்டுக்காதே.

மன்னிப்பை ஏழாவதா வெச்சிருக்கே. காலம்பூரா கம்பெனிக்காக மிக்சிக்கும் இஸ்திரிப்பெட்டிக்கும் கையேடு எழுதின ஆள் இல்லையா நீ. உத்தரவாதத்தை எங்கே போடுவீங்க? கடைசிப் பக்கத்துல, பொடி எழுத்துல. தங்கச்சிகிட்ட மன்னிப்பும் அங்கதான்.

சம்பந்தியைக் காப்பாத்தினியாம். அங்க என்ன நடந்ததுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா, இல்ல நான் சொல்லவா? வாசல் வளைவுல கட்டின பலூனை எதோ ஒரு வாண்டு ஊசியால குத்திக்கிட்டே போச்சு. பட், பட், பட். அவ்வளவுதான். நீ மண்டபம் அதிர "அடுப்பில பால்! அடுப்பில பால்!"னு கத்தினே. சமையல்காரர் பதறியடிச்சு அடுப்பைப் பார்க்க ஓடினார். உன் மாப்பிள்ளைக்குக் காது கேட்காது, அவர் பாட்டுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கிட்டு இருந்தார். நீ சம்பந்தியோட தோளைப் பிடிச்சு ஒரே தள்ளு. வெள்ளைச் சட்டை. கையில திராட்சை ஜூஸ். அப்புறம் மேஜை விரிப்பைத் தூக்கிப் பார்த்தா, அடியில நீயும் அவரும் முட்டி மோதி உட்கார்ந்திருக்கீங்க. போட்டோக்காரர் அதையும் எடுத்துட்டார். ஆல்பத்துல இருக்கு, மோதிரம் மாத்தற படத்துக்குப் பக்கத்துல.

என் பொண்ணு புகுந்த வீட்டுல இன்னிக்கும் பால் காய்ச்சினா சிரிக்கிறாங்களாம். அவ சொல்லும்போது அவளும் சிரிக்கிறா. நான் சிரிக்கல. ஒரே பொண்ணு கல்யாணம் அண்ணா. ஆசை ஆசையாப் பண்ணினேன்.

என் வாசலை மிதிக்காதேன்னு சொன்னது சொன்னதுதான். எழுதணும்னா எழுது. படிப்பேன்னு நான் சொல்லல.

குருவி


பிப்ரவரி 23

அன்புள்ள குருவி,

படிப்பேன் என்று நீ சொல்லவில்லை. படிக்கமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கையேடு எழுதியவன் என்பதால் இதைக் கவனித்தேன்.

ஆல்பத்தில் அந்தப் படம் இருப்பது தெரியாது. சம்பந்திக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதலாமா என்று நினைத்தேன். வரைவும் எழுதினேன். "தாங்கள் அன்று கீழே விழ நேர்ந்தது குறித்து" என்று தொடங்கியது. படித்துப் பார்த்தால் விபத்து இழப்பீட்டு மனு மாதிரி இருந்தது. கிழித்துவிட்டேன்.

நான் பயந்தவன்தான் குருவி. வீட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பதால் நீ வைத்த பெயர் சரியான பெயர். உணவகத்தில் வாசலைப் பார்த்து உட்கார்வேன், திரையரங்கில் படம் தொடங்கும் முன் வெளியேறும் கதவுகளைப் பார்த்துக்கொள்வேன். இப்படி வாழ்ந்து இதுவரை எனக்கு ஒரு பயனும் இல்லை. இனியும் இல்லாமலே போகலாம் என்றுதான் விரும்புகிறேன். பலூன் விஷயத்தில் ஒன்றை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். கேட்டது பலூனாகவே இருக்கட்டும். வெளியே போய் நின்றுகொண்டு அது பலூன்தான் என்று தெரிந்துகொள்வது நல்லது. நான் வெளியே போகாமல் மேஜைக்கு அடியில் போனேன். அங்கே தவறு என்னுடையது.

போன கடிதத்தில் இரண்டு விஷயங்கள் விட்டுப்போயின.

ஒன்று, ரத்தம். யாருக்காவது ரத்தம் வழிந்தால் சுத்தமான துணியை மடித்து வைத்து, உன் எடையெல்லாம் போட்டு அழுத்து. நின்றுவிட்டதா என்று எடுத்து எடுத்துப் பார்க்காதே. உன் கடையில் துணிக்கா பஞ்சம்.

இன்னொன்று மாப்பிள்ளை. காதுக் கருவியை அவர் சட்டைப்பையில்தான் வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். அது வைத்துக்கொள்ளும் இடம் அல்ல என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். "போட்டா எல்லாம் கேட்குது மச்சான்" என்பார். மேலும் அவர் எதற்கும் "ஏன்" என்று கேட்காமல் எழமாட்டார். அவருக்குச் சொல் போதாது, சைகை வேண்டும். பால் பொங்குவதுபோல் ஐந்து விரலையும் குவித்து மேலே விரித்துக் காட்டினால் புரியுமா? வீட்டில் ஒருமுறை செய்து பார்.

பின்படிக்கட்டைப் பார்த்தாயா?

உன் அண்ணன்


மார்ச் 10

அண்ணா,

நீ கேட்டதுக்காகப் போய்ப் பார்க்கல. ஒரு அம்மா பொத்தானை உருட்டி விட்டாங்க, அது இடைவழியில உருண்டு போச்சு, அதைத் தேடிப் போனேன். போன இடத்துல பின்கதவு.

பூட்டு போட்டிருந்துச்சு. பூட்டைப் பார்த்ததும் உன் மூஞ்சிதான் ஞாபகம் வந்துச்சு.

கட்டட மேலாளரைப் போய்க் கேட்டேன். அவர் எப்படின்னா, நின்ன இடத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டிட்டுத்தான் நகருவார். "திருட்டு பயம் மேடம்"ங்கிறார். "திருடன் வந்தா அவன் முன்பக்கமா நகரும் படிக்கட்டுல சொகுசா வருவான். நெருப்பு பிடிச்சா நாங்க எந்தப் பக்கம் போறது, உங்க நோட்டீஸ் மேல ஏறியா?"ன்னு கேட்டேன். நாலு நாள் தினம் போய்க் கேட்டேன். உள்ளேருந்து தள்ளினா திறக்கிற தாழ்ப்பாள் போட்டுட்டார், என் தொல்லை தாங்காம.

கதவைத் திறந்தா படிக்கட்டு முழுக்க மூட்டை. எவன்டா இங்க அடுக்கினதுன்னு கத்திக்கிட்டே எடுத்துப் பார்த்தேன். நம்ம கடை மூட்டைதான். பூட்டு போடறதுக்கு முன்னாடியே உன் மாப்பிள்ளை பழைய துணியெல்லாம் அங்கதான் தள்ளி வெச்சிருக்கார். அத்தனையையும் நானே கடைக்குத் தூக்கிட்டு வந்தேன்.

சைகையும் சொல்லிக் குடுத்தேன். விரலைக் குவிச்சு விரிச்சுக் காட்டினேன். "ஏன், பூ வாங்கணுமா?"ன்னார்.

ஒரு சமாசாரம் சொல்றேன், கோபப்படாதே. நீ மண்டபத்துல பண்ணின கூத்தை எங்க தளத்துல எல்லாருக்கும் சொல்லிட்டேன். கோபத்துலதான் சொல்ல ஆரம்பிச்சேன். செருப்புக் கடைப் பொண்ணுங்க ரெண்டு பேரும் சிரிச்சு சிரிச்சு டப்பா அடுக்குமேல சாஞ்சுட்டாங்க. எதிர்க்கடை கடிகாரக்காரர் கண்ணுல பூதக்கண்ணாடியோட அழுதார். அவங்க சிரிக்கச் சிரிக்க எனக்கும் சிரிப்பு வந்துடுச்சு. இப்போ அது எங்க தளத்துப் பேச்சாவே ஆகிடுச்சு. மேலாளர் நோட்டீஸோட படியேறி வர்றதை யார் பார்த்தாலும் "அடுப்பில பால்!"னு ஒரு குரல். உடனே எல்லாரும் பின்படிக்கட்டுல இறங்கி சந்துல இருக்கிற டீக்கடைக்கு. அவர் வந்து பார்த்தா தளத்துல ஒரு ஈ காக்கா இருக்காது. கடிகாரக்காரருக்கு முட்டி வலி, அவரே இறங்கிடறார்னா பாரேன்.

உன் மாப்பிள்ளைக்கும் இப்போ சைகை புரியுது. டீன்னு நினைச்சுக்கிறார்.

குருவி


மார்ச் 16

குருவி,

இந்தக் கடிதத்துக்குத் தலைப்புகள் இல்லை. சொல்ல ஒன்றுதான் இருக்கிறது.

வெளியார் யாரிடமும் சொல்லாதே என்று ஐந்தாவது குறிப்பில் தெளிவாக எழுதியிருந்தேன். தெளிவாக எழுதினேனா என்று நகலை எடுத்துப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

நம் அப்பா சொன்ன சொல் அது. நாம் இருவர் மட்டுமே புரிந்துகொள்ளும்படி மிஞ்சியிருந்த சொல்லும் அதுதான். அதை டீக்கடைக்குப் போகும் சாக்காக ஆக்கிவிட்டாய். நாள்தோறும் விளையாட்டாகச் சொன்னால், உண்மையில் சொல்ல வேண்டிய நாளில் எல்லோரும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சொல் செத்துவிட்டது. வேறு சொல்லும் நம்மிடம் இல்லை.

என்னைப் பார்த்துச் சிரித்ததற்காக வருத்தமில்லை. சிரிக்கும்படிதான் நடந்துகொண்டேன். ஆனால் நான் உனக்கென்று கொடுக்க வைத்திருந்த ஒரே பொருள் அது.

பின்வழியைத் திறக்க வைத்ததற்கு நன்றி. இனி எழுதித் தொந்தரவு செய்யமாட்டேன்.

அண்ணன்


ஏப்ரல் 3, உன் வீட்டுப் படியில்

குருவி நான் வந்திருக்கிறேன். வாசலை மிதிக்கவில்லை, இது படி. வீடு பூட்டியிருக்கிறது. செய்தியில் உன் கட்டடத்தைக் காட்டினார்கள். துப்பாக்கி என்றார்கள், கீழ்த்தளம் என்றார்கள், பிறகு இரண்டாம் தளம் என்றும் ஒருவர் சொன்னார். உன் போன் எனக்கு எடுக்காது. மாப்பிள்ளை எடுக்கவில்லை, அவருக்கு மணியடிப்பது கேட்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். பேருந்தில் ஒரே கூட்டம். நடுவில் நின்றுகொண்டு வந்தேன். கதவு எங்கே இருந்தது என்று தெரியவில்லை, பார்க்கவில்லை. கட்டடத்துக்குப் போனேன், தெருவை அடைத்துவிட்டார்கள், விடவில்லை. அதனால் இங்கே. எங்கே போய் விசாரிப்பது என்று தெரியவில்லை. போன கடிதத்தை நீ படிக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும். அந்தச் சொல்லை யாருக்கு வேண்டுமானாலும் சொல். டீ குடி. நன்றாகக் குடி

பிற்சேர்க்கை. பக்கத்து வீட்டு டாக்சிக்காரர் இப்போதுதான் வந்தார். "அக்காவும் ஐயாவும் நல்லா இருக்காங்க சார், ஸ்டேஷன்ல வாக்குமூலம் குடுத்துட்டு இருக்காங்க, நான்தான் கொண்டு விட்டேன்" என்றார். இரண்டு பேரும்தானே என்று கேட்டேன். இரண்டு பேரும்தான் என்றார். மறுபடியும் கேட்டேன். டாக்சியிலிருந்து இறங்கி நடந்தா உள்ளே போனார்கள் என்றும் கேட்டேன். "நடந்துதான் சார், அக்கா திட்டிக்கிட்டே நடந்தாங்க" என்றார்.

அது போதும். நீ சொன்னதை மீறி உள்ளே வர விருப்பமில்லை. கிளம்புகிறேன். இந்தத் தாளைக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன். பூட்டை இழுத்துப் பார்த்தேன், சரியாகப் பூட்டியிருக்கிறது.


ஏப்ரல் 6

மரமண்டை அண்ணா,

நல்லா இருக்கோம்னு தெரிஞ்சதும் கிளம்பிட்டியாமே! டாக்சிக்காரர் சொல்லித் தலையிலடிச்சுக்கிட்டார். "உங்க அண்ணன் படியில உட்கார்ந்து கர்சீப்பால மூஞ்சியை மூடிக்கிட்டுக் கொஞ்ச நேரம் இருந்தார்க்கா, அப்புறம் எழுந்து பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்த்துட்டுப் போயிட்டார்"ன்னு. உன் சீட்டைப் படிச்சேன். ஒரு வரியை முற்றுப்புள்ளி வைக்காம நீ விட்டு நான் பார்த்ததே இல்ல.

என்ன நடந்ததுன்னு முதல்லேருந்து சொல்றேன்.

மத்தியானம், நல்ல கூட்டம். நான் ஒரு கோட்டுக்கு லைனிங் வெட்டிக்கிட்டு இருந்தேன். கீழேருந்து ஒரு சத்தம். ஷட்டர்னு நினைச்சேன். கடிகாரக்காரர்கூட தலையைத் தூக்கி "எவன் இந்த நேரத்துல கடையைச் சாத்தறான்?"ன்னார். அப்புறம் இன்னொண்ணு. அதுக்கும் ஷட்டர்னு நினைக்கத்தான் மனசு ஓடுச்சு. "ரெண்டாவது சத்தத்துக்குக் காரணம் தேடாதே"ன்னு நீ எழுதினது அப்போ ஞாபகம் வந்துச்சு. ஞாபகம் வந்துச்சுன்னு சொல்றதுகூடப் பொய். உன் கையெழுத்து கண்ணு முன்னாடி வந்துச்சு, கோடு போட்ட மாதிரி. எல்லாரும் இருந்த இடத்துலயே இருக்காங்க. ரெண்டு பேர் கைப்பிடிகிட்ட போய்க் கீழ எட்டிப் பார்க்கறாங்க, ஒருத்தர் போனை எடுக்கறார் படம் பிடிக்க.

நான் என்ன கத்தறது சொல்லு? "துப்பாக்கி"ன்னு கத்தினா, "எங்கே? யாரு? நிஜமாவா?"ன்னு கேட்பாங்க. எனக்கே நிச்சயமாத் தெரியாது. நிச்சயமாத் தெரியாததை எப்படிக் கத்தறது? வாயில தானா வந்துச்சு.

"அடுப்பில பால்!"

எழுந்துட்டாங்க அண்ணா. ஒருத்தர்கூட ஏன்னு கேட்கல. சிரிச்சுக்கிட்டே எழுந்தாங்க. செருப்புக் கடைப் பொண்ணுங்க, துணி பார்க்க வந்த ரெண்டு அம்மாங்களையும் "வாங்க வாங்க, பால் பொங்குது"ன்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே ஓடறாங்க. அந்த அம்மாங்களுக்கு ஒண்ணும் புரியல, இருந்தாலும் எல்லாரும் ஓடறாங்களேன்னு ஓடறாங்க. நீ பயந்த மாதிரியேதான், விளையாட்டுன்னுதான் நினைச்சாங்க. ஆனா விளையாட்டுக்கும் கால் பின்கதவுக்குத்தானே போகுது? பாதிப் படி இறங்கினப்போ மேல எங்க தளத்துலயே சத்தம் கேட்டுச்சு. அங்கதான் சிரிப்பு நின்னுச்சு.  ஆனாலும் யாரும் யாரையும் தள்ளல. கடிகாரக்காரர் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். பின்னாடி வந்த யாரோ ஒருத்தர், ஜிம்முக்குப் போற பையன் மாதிரி இருந்தார், அவரை அப்படியே அலாக்காத் தூக்கிட்டார். யாருன்னே தெரியாது.

இப்போ உன் மாப்பிள்ளை கதை. விரலை விரிச்சுக் காட்டினேன். மனுஷன் சந்தோஷமாக் கிளம்பினார், டீன்னு நினைச்சு. கதவுகிட்ட வந்ததும் நின்னுட்டார். "இஸ்திரிப்பெட்டி ஆன்ல இருக்கு"ங்கிறார். திரும்பப் போகப் பார்க்கிறார்! "எரியட்டும் வாங்க!"ன்னேன். "ஏன்?"ங்கிறார். அவர் மூஞ்சிக்கு நேரா என் மூஞ்சியை வெச்சேன். என்ன பார்த்தாரோ தெரியல, ஏன்னு மறுபடி கேட்கல. என் கையைப் பிடிச்சார், கீழ வர்ற வரைக்கும் விடல. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவர் ஏன்னு கேட்காம வந்தது அதான் முதல் தடவை.

பெட்டி என்னாச்சுன்னு கேளு. அடியில இருந்தது சம்பந்தி இஸ்திரிக்குக் குடுத்திருந்த கால்சட்டை. கறுப்பா முக்கோணமா ஒரு தழும்பு. அப்புறம் பெட்டி தானாவே அணைஞ்சு போச்சு. உங்க கம்பெனிப் பெட்டிதான், நீ கையேடு எழுதினது. கடை பத்தி எரியாம தப்பிச்சுது. சம்பந்தி வந்து பார்த்துட்டு, "உங்க அண்ணனால எனக்குப் போற ரெண்டாவது துணிம்மா இது"ன்னு சொல்லி, கால்சட்டையைத் தூக்கிப் பிடிச்சு அப்படிச் சிரிச்சார். அப்புறம் கொஞ்சம் அழுதார். உன்னைப் பார்க்கணுமாம்.

கீழே கதவுல கண்ணாடி உடைஞ்சு கடிகாரக்காரர் கையைக் கிழிச்சுடுச்சு. நல்ல ரத்தம். லைனிங் துணி என் தோள்மேலேயே தொங்கிக்கிட்டு வந்திருக்கு, இடது கையாலயே மடிச்சு வெச்சு அழுத்தினேன். "கொஞ்சம் எடுத்துப் பாரும்மா, நின்னுடுச்சா?"ன்னார். "எங்கண்ணன் எடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கார், பேசாம இருங்க"ன்னேன். ஆஸ்பத்திரியில தையல் போட்டாங்க. என் தையல் மாதிரி நேரா இல்லைன்னு குறை சொல்றார், அதனால நல்லா இருக்கார்.

சந்து முனையில போலீஸ் துப்பாக்கியோட வந்தாங்க. எல்லாரும் கையைத் தூக்கினோம். செருப்புக் கடைச் சின்னவ கீச்சுக் குரல்ல, "அக்கா, கத்திரி! கத்திரி!"ங்கிறா. பார்த்தா என் வலது கையில அவ்வளவு பெரிய கத்திரிக்கோல். படி முழுக்கத் தூக்கிக்கிட்டு வந்திருக்கேன், அதோடதான் கையைத் தூக்கியிருக்கேன்! கீழ போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. எதையும் எடுக்காதேன்னு நீ எழுதினே, எடுக்கல. ஏற்கனவே கையில இருக்கிறதைப் போடுன்னு எழுதலையே?

அவனைப் பிடிச்சுட்டாங்க. கீழ்த்தளத்துல மூணு பேருக்குக் காயம். மூணு பேரும் பிழைச்சுட்டாங்கன்னு இன்னிக்குக் காலையில சொன்னாங்க. எங்க தளத்துக்கு அவன் வந்தப்போ அங்க யாரும் இல்ல. மேலாளர் சொன்னார், கேமராவுல பார்த்தாராம். காலி இடைவழியில ஒரு தடவை சுட்டுட்டு, கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிப் போயிருக்கான். இதைச் சொல்லிட்டு மேலாளர் என் கடை ஸ்டூல்ல உட்கார்ந்துட்டார். நான்தான் தண்ணி குடுத்தேன். அதுக்கப்புறம் பின்கதவுல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கார், "இந்த வழியை யாரும் அடைக்கக் கூடாது"ன்னு. அவர் ஒட்டினதுல நான் படிச்ச முதல் நோட்டீஸ்.

பலூனுக்கு நீ பயந்தது சரின்னு நான் சொல்ல மாட்டேன். அது தப்புதான். போன கடிதத்துல நீ எழுதினதைப் படிச்சு ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கல, அதையும் சொல்லிடறேன். ஒரே பொருள்னு எழுதியிருந்தே. அதைத்தான் நான் ஊருக்கே பங்கு போட்டுட்டேனேன்னு இருந்துச்சு. பங்கு போட்டது நல்லதாப் போச்சு.

உன் எண்ணைத் திறந்துவிட்டுட்டேன். சனிக்கிழமை வா. வந்து வாசலை மிதி. நல்லா அழுத்தி மிதி. வாசலைப் பார்த்த நாற்காலி உனக்கு.

குருவி


ஏப்ரல் 10

அன்புள்ள குருவி,

இந்தக் கடிதத்தில் வருபவை:

1. சனிக்கிழமை
2. சம்பந்தி
3. பிழைதிருத்தம்

1. வருகிறேன். எண்ணைத் திறந்துவிட்டதாக எழுதியிருந்தாய். அழைத்துப் பார்க்கலாம் என்று போனை எடுத்தேன். உன் குரலைக் கேட்டால் என்னால் பேச முடியாது என்று தோன்றியது. வைத்துவிட்டேன். உன் கடிதத்தை எத்தனை முறை படித்தேன் என்று சொல்லமாட்டேன். காலி இடைவழி வரும் இடத்தில் ஒவ்வொரு முறையும் தாளைக் கீழே வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

2. சம்பந்திக்கு ஒரு வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். அளவு தெரியாது. பெரியதாகவே எடுத்தேன், நீ பிடித்துத் தைத்துக் கொடு. என்ன சொல்லிக் கொடுப்பது என்று ஒரு வரைவு எழுதி, அதையும் கிழித்துவிட்டேன். வெறுமனே நீட்டப்போகிறேன்.

மாப்பிள்ளையிடம் சொல், இஸ்திரிப்பெட்டி தானாக அணையும் என்ற வரியை நான்தான் எழுதினேன். அது கையேட்டில் வேண்டுமா, யார் படிக்கப்போகிறார்கள் என்று பொறியாளர் கேட்டார். அவரிடம் நான் ஒன்றும் வாதாடவில்லை. எடுத்துவிட மறந்துபோனேன், அவ்வளவுதான்.

3. கையேடு அச்சாகி வந்த பிறகு பிழை கண்டால், ஒரு சின்னத் தாளில் அச்சிட்டு உள்ளே செருகி அனுப்புவோம். எனக்கு அது எப்போதும் அவமானமாக இருந்தது. இன்று இல்லை.

மூன்றாவது குறிப்பில் "ஏற்கனவே கையில் இருப்பதையும் கீழே போடு" என்று சேர்த்துக்கொள். அது விடுபட்டது, தவறு அல்ல. ஐந்தாவது வேறு. கூட்டம் யாரையும் பார்க்காது என்று எழுதினேன். முன்பின் தெரியாத ஒருவர் கடிகாரக்காரரைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்த சொல் யாரையும் எழுப்பாது என்று எழுதினேன். ஒரு தளமே எழுந்திருக்கிறது. என் பேச்சைக் கேட்டு நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், நீயும் மாப்பிள்ளையும் மட்டும் எழுந்து ஓடியிருப்பீர்கள். செருப்புக் கடைப் பெண்கள் கைப்பிடியருகே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள். அவர்களை நான் பார்த்ததில்லை. மூன்று நாளாக அவர்களைப் பற்றித்தான் நினைக்கிறேன்.

ஆகவே பிப்ரவரி ஒன்பதாம் தேதிக் கடிதத்தின் ஐந்தாவது குறிப்பு தவறு. அதில் "வெளியார் யாரிடமும் சொல்லாதே" என்று இருப்பதை "பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்" என்று திருத்தி வாசிக்கவும்.

உன் அண்ணன்,
பூட்டு